வேலியில் போகிற பச்சோந்தியை வேலியிலேயே விடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து பேரன் போன் செய்தான். அடுத்த மாதம் அவனுக்குப் பத்து வயது முடிகிறது. பிறந்த நாளைக்கு ஏதாவது ஒரு பிராணி வாங்கித் தருவதாக அப்பா அம்மா வாக்குக் கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் இருக்கிற அபார்ட்மென்டில் நாய் வளர்க்க முடியாது. பூனை என்றால் என் மகளுக்குத் தும்மல். தொட்டி மீன் அவனுக்குச் சலித்துவிட்டது.

“தாத்தா, நான் பச்சோந்தி வளர்க்கப் போறேன்” என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. வீடியோக்களைப் பார்த்து நோட்டில் ஒரு பட்டியலே எழுதி வைத்திருந்தான். கூண்டு இத்தனை அடி, பல்பு இந்த மாதிரி, தீனி இன்னின்ன என்று வாசித்துக் காட்டினான். கேட்டு முடிப்பதற்குள் மாப்பிள்ளை போனை வாங்கிக்கொண்டார்.

“மாமா, கடையில அநியாய விலை சொல்றாங்க. நம்ம ஊரு வேலியில நிறைய இருக்குமே. ஒண்ணு பிடிச்சு அட்டைப்பெட்டியில போட்டு வச்சிருங்க. தீபாவளிக்கு வர்றப்ப எடுத்துக்கிறோம்.”

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதையை நாம் ஊருக்கெல்லாம் சொல்லியிருப்போம். அந்தக் கதை என் வீட்டு வாசலுக்கே வரும் என்று நினைக்கவில்லை. “பார்க்கலாம் மாப்பிள்ளை” என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். மாப்பிள்ளை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். கோபித்துக்கொண்டாலும் எழுதத்தான் வேண்டும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் 200-க்கும் மேற்பட்ட பச்சோந்தி வகைகள் இருக்கின்றன. ஏறக்குறைய பாதி மடகாஸ்கர் தீவில் இருப்பவை. இந்தியாவில் இருப்பது ஒரே வகை. வாலோடு சேர்த்து ஓர் அடி அல்லது அதற்குக் கொஞ்சம் கூட இருக்கும். நம் ஊர் வேலியில் ஆடி ஆடி நடக்குமே, அதுதான். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் அது இருக்கிறது. சட்டத்தின் கணக்கில் கொன்றால் மட்டும் வேட்டை அல்ல, பிடிப்பதும் வேட்டைதான். அட்டைப்பெட்டியில் போட்டுச் சென்னைக்குக் கொண்டுபோனால் பிடித்துக் கொடுத்த எனக்கும், வாங்கிப் போன மாப்பிள்ளைக்கும் சேர்த்து வழக்கு வரலாம். சிறைத் தண்டனை உண்டு, அபராதமும் உண்டு. பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருந்தவர்கள் மேல் வழக்குப் போட்டபோது நம்மில் பலர் “கிளிக்கெல்லாம் கேஸா” என்று சிரித்தோம். பச்சோந்திக்கும் கேஸ் உண்டு.

“சரி, நம்ம ஊருது வேண்டாம். வெளிநாட்டுது வாங்கலாமே, அது சட்டப்படி சரிதானே” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வீடியோக்களில் வருவது பெரும்பாலும் அதுதான். தலையில் கொண்டை வைத்தது ஏமன், சவூதி அரேபியா பக்கத்தது. சிவப்பும் நீலமுமாக இருப்பது மடகாஸ்கரிலிருந்து வருவது. இவற்றை நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்குச் சர்வதேச ஒப்பந்தமும் அனுமதிச் சீட்டும் இருக்கின்றன. 2022-இல் நம் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தத்தின்படி, ஒப்பந்தத்தில் உள்ள வெளிநாட்டுப் பிராணியை வீட்டில் வைத்திருப்பவர் அரசாங்கத்திடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கான விதிகளை 2024 பிப்ரவரியில் வெளியிட்டார்கள். பரிவேஷ் என்ற இணையதளத்தில் பதிவு. குட்டி போட்டாலும் சொல்ல வேண்டும், செத்தாலும் சொல்ல வேண்டும்.

இத்தனையும் சரியாகச் செய்து, தாள் தாளாகக் காட்டி விற்பவர் இருக்கலாம். ஆனால் போனில் படம் அனுப்பி, பேருந்து நிலையத்தில் டப்பாவைக் கைமாற்றுகிற ஆளிடம் எந்தத் தாள் இருக்கும்? நம் திருச்சி விமான நிலையத்திலேயே 2023 ஜூலையில் நடந்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் 2 பல்லிகளும் இருந்தன. துளை போட்ட டப்பாக்களில் அடைத்து, துணிமணி மாதிரிப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். பிடிபட்டது அது. பிடிபடாமல் வருவது யார் வீட்டுப் பிறந்த நாளுக்கு என்று நமக்குத் தெரியாது.

சட்டத்தை விட்டுவிடுவோம். எல்லாத் தாளும் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பேரன் வாசித்த பட்டியலை நான் பிறகு அவனிடம் கேட்டு முழுசாக எழுதி வாங்கினேன். அதைப் படித்துப் பாருங்கள், எனக்கு வந்த கோபம் உங்களுக்கும் வரும்.

பச்சோந்தி மரத்தில் வாழ்வது. அதனால் கூண்டு உயரமாக வேண்டும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம். கண்ணாடித் தொட்டி ஆகாது, காற்று ஓட வேண்டும், வலைதான் வேண்டும். உள்ளே உயிருள்ள செடி, குறுக்கும் நெடுக்குமாகக் குச்சி. மேலே ஒரு சூட்டு விளக்கு. உச்சிக் குச்சியில் 30 டிகிரிக்கு மேல் சூடு இருக்க வேண்டும், கீழே குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அது வெயிலுக்கும் நிழலுக்குமாக நகர்ந்து நகர்ந்துதான் உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. அதோடு புற ஊதாக் கதிர் தருகிற தனி விளக்கு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி உண்டாகும், வைட்டமின் டி இருந்தால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். ஜன்னல் ஓரம் வைத்தால் போதாதா என்றால் போதாது, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். அந்த விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் ஆறு மாதம், ஒரு வருஷத்தில் கதிர் தீர்ந்துவிடும், புதிது மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எலும்பு ரப்பர் மாதிரி வளையும். கால் கோணும், தாடை தொங்கும். குச்சியைப் பிடிக்க முடியாமல் கீழே விழும்.

தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது. இலையில் நிற்கிற துளியைத்தான் நக்கும். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை இலைமேல் தண்ணீர் தெளிக்க வேண்டும். தீனி உயிரோடு இருக்க வேண்டும். நகராத பூச்சியைப் பெரும்பாலும் சீண்டாது. சுவர்க்கோழி, கரப்பான், புழு என்று தனியாக வாங்க வேண்டும், அல்லது வீட்டிலேயே வளர்க்க வேண்டும். அந்தப் பூச்சிகளுக்கு முதலில் கீரையும் காயும் போட்டுக் கொழுக்க வைத்து, சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டி, பிறகு இதற்குப் போட வேண்டும். பூச்சி இதன் இரண்டு கண்ணுக்கு இடையில் உள்ள அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாதாம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.

ஒரு கூண்டில் ஒன்றுதான். இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தாலே அதைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடாமல் கிடக்கும். பெண்ணாக இருந்தால் ஆண் இல்லாமலும் முட்டை உண்டாகலாம். முட்டையிடத் தோண்டுவதற்கு ஈர மண் இல்லாவிட்டால் முட்டை வயிற்றிலேயே தங்கிச் சாகும். நோய் வந்தால் கடைசி வரை வெளியே தெரியாது. தெரியும்போது யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது? ஆட்டுக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் நம் ஊரில் உண்டு. பச்சோந்திக்கு ஊசி போட்டவரை நான் பார்த்ததில்லை.

கரண்டு போனால் சூடும் போகும், கதிரும் போகும். மகள் குடும்பம் லீவுக்கு இங்கே பத்து நாள் வந்தால் அங்கே தண்ணீர் தெளிப்பது யார், சுவர்க்கோழிக்குக் கீரை போடுவது யார்?

இப்படி நாலடிக் கூண்டுக்குள் நாம் செய்ய முயல்வது என்ன? ஒரு கிளுவை வேலி. மேலே வெயில், உள்ளே நிழல், இலையில் பனித்துளி, பக்கத்தில் வெட்டுக்கிளி, அடியில் முட்டையிட மண். இதைச் செய்ய ஆயிரக்கணக்கில் பணம், இரண்டு விதமான பல்பு, டப்பா டப்பாவாகத் தூள். அப்படியும் பாதிதான் வரும். எந்தச் செலவும் இல்லாமல் இதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்த வேலியைப் பிடுங்கிவிட்டு, வீட்டுக்குள் வலைக்கூண்டில் வேலி செய்கிறோம். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“அதுவும் ஒரு ஜீவன்தானே, பிள்ளைக்குப் பாசம் வரும்” என்று மகள் சொன்னாள். பாசம் வரும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கம்தான் வரும். நாய் வாலாட்டும், மாடு கழுத்தைக் காட்டும். பச்சோந்திக்கு நம் கை என்றால் பருந்தின் கால் மாதிரி. தூக்கினால் அது கொஞ்சுவதற்கு நிற்பதில்லை, எப்படித் தப்பிப்பது என்று பார்க்கிறது. வீடியோவில் கையில் வைத்தவுடன் நிறம் மாறுகிறது, பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். அது வேடிக்கை காட்டுவதாக நினைக்கிறோம்.

பின்னால் இருக்கிற துணியின் நிறத்துக்கு அது மாறும் என்பது வெறும் கதை. குளிரில் கறுக்கும், வெயிலில் வெளுக்கும். இன்னொரு ஆணைக் கண்டால் ஒரு நிறம், பெண்ணைக் கண்டால் ஒரு நிறம், பயந்தால் ஒரு நிறம். 2015-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதன் சூட்சுமத்தை வெளியிட்டார்கள். தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிகங்கள் அடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்கின் இடைவெளியைக் கூட்டியும் குறைத்தும் நிறத்தை மாற்றுகிறது. அமைதியாக இருக்கும்போது இடைவெளி நெருக்கம், கிளர்ச்சி வந்தால் அகலம். ஆகவே கையில் வைத்ததும் உடம்பெல்லாம் கோடும் புள்ளியுமாகக் கறுக்கிறது என்றால் அது “என்னை விடு” என்று சொல்கிறது. நாம் அதைப் படம் பிடித்துப் போடுகிறோம்.

கட்சி மாறுகிறவரைப் பச்சோந்தி என்று திட்டுவதும் இந்த அறியாமையில் வந்ததுதான். தன் பயத்தையும் கோபத்தையும் மேனியிலேயே எழுதிக் காட்டிவிடுகிற ஜீவன் அது. மேடையில் பேசுகிறவர்களோடு அதைச் சேர்க்காதீர்கள்.

இந்த அளவில் கட்டுரையை முடித்திருந்தால் நான் நல்லவனாக முடித்திருக்கலாம். ஆனால் அன்று மாலை பேரன் மறுபடியும் போன் செய்தான். மேலே எழுதியதையெல்லாம் அவனுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டான்.

“தாத்தா, வெளியில இருந்தா ரோட்டுல அடிபட்டுடும். மருந்து அடிச்ச பூச்சியைத் தின்னா செத்துடும். வேலியையும் எல்லாரும் வெட்டிட்டாங்கன்னு நீங்களே சொன்னீங்க. அப்ப கூண்டுல இருந்தாத்தானே அது பத்திரமா இருக்கும்?”

எனக்குப் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வு பெறும் வரை என் வேலை, ஊர் ஊராக சைக்கிளிலும் பிறகு மொபெட்டிலும் போய்க் கடலைக்கும் நெல்லுக்கும் என்ன மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்வது. ஆலங்குடி, கறம்பக்குடி, கந்தர்வகோட்டைப் பக்கம் நான் போகாத கொல்லை குறைவு. முதல் மழை பெய்து கடலைச் செடி தலையெடுத்ததும் கம்பளிப்புழு படையெடுக்கும். “பி.எச்.சி. பத்து சதவீதத் தூள், ஏக்கருக்குப் பத்துக் கிலோ” என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். துணியில் கட்டி, காலை நேரத்துப் பனி ஈரத்தில் தட்டிக்கொண்டே போவார்கள். கொல்லை வெள்ளையாகிவிடும். ஓரத்து வேலியும் வெள்ளையாகிவிடும். வேலியில்தான் புழு ஒளிந்திருக்கும், அங்கேயும் நன்றாகத் தட்டுங்கள் என்று சொன்னவன் நான்.

டி.டி.டி.யை விவசாயத்துக்கு 1989-இல் தடை செய்தார்கள். பி.எச்.சி.யை 1997-இல் நிறுத்தினார்கள். எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. ஒவ்வொன்றையும் தடை செய்வதற்கு முந்தின நாள் வரை நான் சிபாரிசு செய்துகொண்டிருந்தேன். தெரிந்து செய்யவில்லை. ஆனால் வெட்டுக்கிளியைத் தின்று பிழைக்கிற ஒரு ஜீவனிடம் போய்த் “தெரியாமல் செய்தேன்” என்று சொல்ல முடியுமா?

சின்ன வயதுக் கணக்கு தனி. நம்மில் ஓணான் அடிக்காதவர் யார்? ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டாராம், அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்ததாம். அதற்காக அதைக் கொல்லலாம் என்று யாரோ சொன்ன கதையை நம்பி, தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டுப் பிடித்து, வாயில் மூக்குப்பொடி போட்டு ஆடவிட்டோம். பச்சோந்தி கையில் சிக்கினால் விஷம் என்று கல்லால் அடித்தோம். அதற்கு விஷம் கிடையாது. ஓடவும் தெரியாது. இரண்டு கண்ணையும் தனித்தனியாக உருட்டி, ஒன்றால் நம்மையும் ஒன்றால் அடுத்த கிளையையும் பார்த்துக்கொண்டே நிற்கும். அடிப்பதற்கு அதைவிடச் சுலபமான குறி இல்லை.

அதற்குப் பிறகு வேலியின் முறை வந்தது. கிளுவை, காரை, சூரை, கள்ளி, நொச்சி, அதன்மேல் கோவைக்கொடி, பிரண்டை, வேலிப்பருத்தி. ஆள் உயரத்துக்கு, இரண்டு மூன்று முழ அகலத்துக்கு இருந்த வேலி. எல்லைக்கு எல்லை, ஆட்டுக்குத் தழை, கை கால் வலிக்கு நொச்சி, துவையலுக்குப் பிரண்டை. அதைக் கழித்துவிட்டு கம்பி போட்டால் இரண்டு முழ நிலம் கூடக் கிடைக்கிறது என்று கணக்குப் பார்த்தோம். மனைக்கட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர் வந்தது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டது. நல்ல காரியம்தான். ஆனால் ஜேசிபிக்குக் கருவேலம் எது, காரை எது என்று தெரியாது. எங்கள் கண்மாய்க்கரையில் இரண்டும் ஒன்றாகப் போயின. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் தைலமரம் நிற்கிறது. அதனடியில் போய்ப் பாருங்கள். சருகு இருக்கும். பச்சோந்தி கால் வைக்கப் புதர் இருக்காது. கொஞ்சநஞ்சம் இருந்த பழைய மரங்களில் பலவற்றைக் கீரமங்கலம், வடகாடு பக்கம் 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்தது. அது மட்டும்தான் நாம் செய்யாதது.

ஆக, பேரன் கேட்ட கேள்வி சரிதான். வெளியில் அதற்குப் பத்திரம் இல்லை. ஆனால் வீட்டைக் கொளுத்திவிட்டு, வெளியே ஓடிவந்தவனைப் பிடித்து அறையில் பூட்டி, “உன் நல்லதுக்குத்தான்” என்று சொல்வது நியாயமா? கூண்டில் இருக்கிற ஒன்றைக் காப்பாற்றினால் அந்த ஒன்றின் ஆயுள் வரைதான். அது தன் இனத்தைப் பெருக்காது. அதைப் பிடித்த வேலியில் ஒன்று குறைந்துவிடும். அவன் பத்து வயதுப் பிள்ளை, கூண்டு அவனுக்குத் தெரிந்த பதில். அறுபது எழுபது வயதான நமக்கு, பட்டா நம் பெயரில் இருக்கும்போது, வேறு பதில் தெரிய வேண்டாமா?

முதல் தடவையாகப் பச்சோந்தி வளர்க்க விரும்புகிறவருக்கு வீடும் தீனியும் தயார் செய்வது எப்படி என்று கேட்டால் என் பட்டியல் இதுதான்.

வீடு: எல்லையில் பழைய வேலி இருந்தால் கை வைக்காதீர்கள். இல்லாவிட்டால் மழைக்கு முன் கிளுவைப் போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றுங்கள். தண்ணீர் ஊற்றக்கூட வேண்டாம், தானாகத் துளிர்க்கும். இடையில் நொச்சி, ஆவாரை வையுங்கள். கொடி ஏறினால் அறுக்காதீர்கள். பச்சோந்தி தரையில் இறங்காமல் செடிவிட்டுச் செடி போக அந்தக் கொடிதான் பாலம். ஒரு பக்கம் இரண்டு விரல் மறு பக்கம் மூன்று விரலாகக் குறடு மாதிரிக் கால் அதற்கு, வாலும் ஒரு கை. விரல் கனக் குச்சி இருந்தால் அது ராஜா, வெறும் தரையில் அநாதை. கம்பி வேலிதான் வேண்டுமென்றால் போடுங்கள், அதன்மேல் கோவையையும் வேலிப்பருத்தியையும் ஏற்றிவிடுங்கள்.

மழை பெய்து மண் இளகியதும் பெண் பச்சோந்தி தரைக்கு இறங்கிக் குழி பறித்து முட்டையிடும். பொரிக்கப் பல மாதம் ஆகும். அதனால் வேலியடி மண்ணைக் கொத்தி விடுகிறேன், சிமென்ட் பூசுகிறேன் என்று கிளம்பாதீர்கள்.

தீனி: அதற்காக நாம் எதுவும் போட வேண்டாம். போடாமல் இருக்க வேண்டியதுதான் இருக்கிறது. வேலியை ஒட்டிய நாலு வரிசைக்கு மருந்து அடிக்காதீர்கள். வெட்டுக்கிளி, வண்டு, ஈ, கும்பிடுபூச்சி தானாக வரும். இதன் நாக்கு உடம்பைவிட நீளம். கண்மூடித் திறப்பதற்குள் எட்டிப் பிடித்துவிடும். வேலியில் தீ வைக்காதீர்கள், களைக்கொல்லி தெளிக்காதீர்கள். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

ரோட்டில் நடந்துகொண்டிருந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு குச்சியை அதன் முன்னால் நீட்டுங்கள். ஏறிக்கொள்ளும். எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்துச் செடியில் விடுங்கள். வந்த பக்கம் விட்டால் மறுபடியும் இறங்கி நடக்கும். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்க்காதீர்கள்.

பார்க்க ஆசைப்படுகிற பிள்ளைகளை நார்த்தாமலை, குடுமியான்மலைப் பக்கத்துப் புதர்க்காட்டுக்கோ ஊர் அய்யனார் கோயில் காட்டுக்கோ கூட்டிப் போங்கள். சாமிக்குப் பயந்து யாரும் குச்சி ஒடிக்காத காடு இன்னும் சில ஊர்களில் மிச்சம் இருக்கிறது. சட்டத்தைவிட அந்தப் பயம்தான் பல இடத்தில் வேலியைக் காப்பாற்றியிருக்கிறது. விடியற்காலையில் பனி உலருமுன் போனால் நல்லது. ஒரு மணி நேரம் நின்றும் தெரியாமல் போகலாம். அப்படி நின்று தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு வருகிற சந்தோஷம், பெட்டியைத் திறந்ததும் கிடைக்கிற சந்தோஷம் அல்ல.

இவ்வளவு உபதேசம் செய்கிறாயே, நீ என்ன செய்தாய் என்று கேட்பீர்கள். எனக்கும் என் தம்பிக்கும் பொதுவான கொல்லையில் கிழக்கு எல்லையில் எங்கள் அப்பா போட்ட வேலி நூறு அடிக்குக் குறையாமல் இருக்கிறது. அதை எடுத்துவிட்டுக் கல் ஊன்றிக் கம்பி போடலாம் என்று தம்பி ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். பன்றித் தொல்லை, அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. நான் சரி என்று சொல்லி, ஜேசிபிக்கு நாள்கூடக் குறித்தாகிவிட்டது. போன் வந்த மறுநாள் போய், “தம்பி, கம்பியை வேலிக்கு உள்பக்கமாப் போட்டுக்குவோம். போற ரெண்டு முழ நிலம் என் பங்குல கழிச்சுக்க” என்றேன். “ஏண்ணே, பச்சோந்திக்கா நிலத்தை விடுறீங்க?” என்று சிரித்தான். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஜேசிபிக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவன் வீட்டில் சொன்னார்கள்.

வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். பொய்ச்சாட்சிக்குச் சொல்கிற பழமொழி. இனி சாட்சி சொல்லவாவது வேலியில் ஒன்று இருக்கட்டும்.

பேரனுக்கு நேற்றுத்தான் பதில் சொன்னேன். “தீபாவளிக்கு வாடா ராசா. உனக்கு நூறு அடி நீளத்துல கூண்டு வச்சிருக்கேன். கதவு கிடையாது. உள்ள பச்சோந்தி இருக்கா இல்லையான்னு நீதான் தேடணும்” என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பேர் வச்சுக்கலாமா தாத்தா?” என்றான்.

வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். கூப்பிட்டால் வராது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.